மாப்பிள்ளை வண்டி பின்னால் போகக்கூடாது

பாத்தீங்களா தம்பி? டிரைவரு ஸ்டியரிங்கை எப்படி ஒடிச்சான் பாத்தீங்களா! இம்மாம் பெரிய பஸ்ஸு. அந்தப் பக்கம் கரும்பு ஜூஸ் வண்டி, இந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர், நடுவுல ஒரு மாடு வேற. ஒரே ஒடி. திரும்பிடுச்சு. மழை பெஞ்சா வெளியே பெய்யிறதைவிட உள்ளேதான் அதிகமாப் பெய்யும், அப்பேர்ப்பட்ட டப்பா பஸ்ஸு இது. இது திரும்புது. கோடி ரூபா சொல்ற கார் திரும்பமாட்டேங்குது. இதை யார்கிட்டப் போய்ச் சொல்லி அழுவுறது?

இல்லை இல்லை, நீங்க போனைப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றேன். பட்டுக்கோட்டைதானே இறங்குறீங்க? நானும் அங்கதான். கடைத்தெருவுல விதையும் உரமும் விக்கிறேன். தில்லைநாயகம் கடைன்னு கேட்டா யாரும் கைகாட்டுவாங்க. இப்பக் கொஞ்ச காலமா கையைக் காட்டிட்டுச் சிரிக்கிறாங்க, அது வேற விஷயம்.

ஒரு காரால கெட்டேன் தம்பி நான். என் பிள்ளை கல்யாணம் ஒரு காரால நின்னுபோச்சு. சிரிக்காதீங்க. சத்தியமா.

பிள்ளைன்னா, நான் பெத்த பிள்ளை இல்லை. என் தம்பி மகன். மதியழகன்னு பேரு, மதின்னு கூப்பிடுவோம். மூணாவது படிக்கிறப்ப தம்பி போயிட்டான், அடுத்த வருஷமே தம்பி சம்சாரமும் போயிடுச்சு. எனக்கும் குழந்தை இல்லை. தூக்கிக்கிட்டு வந்து வளத்தேன். எப்படி வளத்தேன்! நான் போட்ட கோட்டைத் தாண்டமாட்டான். காலேஜுல எந்தப் படிப்பு, எந்த ஊர்ல வேலை, தலைக்கு எந்தப் பக்கம் வகிடு, எல்லாம் பெரியப்பாதான். இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ளையைக் காட்டுங்க பாப்போம்.

பொண்ணு மன்னார்குடி. சுபாஷினி. அவங்க அப்பா வைத்திலிங்கம், ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன், அதை நான் இல்லைங்கலை. பொண்ணு இன்ஜினியர். ஒரகடத்துப் பக்கம் ஏதோ கம்பெனியில கார் சக்கரம், ஸ்டியரிங் இதையெல்லாம் சோதிக்கிற வேலையாம். பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன வேலைன்னு என் சம்சாரம்கிட்டக் கேட்டேன். உங்களுக்கு உர மூட்டை, அதுக்குச் சக்கரம், உங்களுக்கு என்ன வந்ததுன்னா அவ. சரின்னு விட்டேன். விட்டது தப்பு. அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும்.

மதிக்கு அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருந்துது. அது எனக்கே தெரிஞ்சுது. நிச்சயம் ஆன நாள்லேர்ந்து மாடியில போனும் கையுமா நிப்பான், அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. கீழேருந்து நான் கனைச்சா பேச்சு நிக்கும். அந்த மரியாதை.

இப்ப கார் விஷயத்துக்கு வர்றேன். என் சகலை இருக்கான் பாருங்க, பேராவூரணி சகலை, அவன் பையனை மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை பூட்டின சாரட்டுல கொண்டாந்தான். ரெண்டு வெள்ளைக் குதிரை. ஊரே அதைத்தான் பேசுச்சு. என் சம்சாரம் முகத்துக்கு நேரா வந்து, உங்க வீட்டுக்கு என்ன அம்பாசடரான்னு அவன் பொண்டாட்டி கேட்டா. கேப்பாளா மாட்டாளா? நான் விடுவேனா? மெட்ராஸ்ல கோடி ரூபா ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு விடுற ஆள்கிட்டச் சொல்லி ஒண்ணை வரவழைச்சேன். மஞ்சள் கலர். மேல மூடி கிடையாது. ரெண்டே சீட்டு. தரையோட தரையா படுத்துக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணா அடிவயித்துல உறுமும். டிரைவரோடதான் தருவாங்க. ஜெரால்டுன்னு ஒரு பையன், மூக்குக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு வந்தான். மதி சொன்னான், பெரியப்பா, சாதாரணக் காரே போதுமேன்னான். டேய், உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம ஏறுன்னேன். ஏறினான்.

ஊர்வலம் சாயங்காலம் மன்னார்குடியில பிள்ளையார் கோயில்லேர்ந்து கிளம்பிச்சு. அடடா, அந்தக் கொஞ்ச நேரம்! நாதஸ்வரம், பேண்டு, பொம்பளைங்க கையில தட்டு, நடுவுல மஞ்சள் கார்ல மாலையும் கழுத்துமா என் பிள்ளை. மாடி மாடியா நின்னு படம் பிடிச்சாங்க. சகலை மூஞ்சியைப் பாத்தேன். இஞ்சி தின்ன மாதிரி இருந்துது. அது போதும் எனக்கு, பட்ட பாட்டுக்கெல்லாம் அது போதும்னு நினைச்சேன்.

கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவுல ஒரே ஒரு திருப்பம்தான் தம்பி. ஒரு பக்கம் வீட்டுச் சுவரு, இன்னொரு பக்கம் கரண்ட் கம்பம். ஆட்டோ திரும்புது, மினி லாரி திரும்புது, மண்டபத்துக்குத் தண்ணி டேங்கர் அந்த வழியாத்தான் தினம் போவுது. இந்த மகராசன் முழுசா ஒடிச்சான். வண்டி பாதி திரும்பிச்சு. மூக்கு நேரா சுவத்துக்கிட்டப் போய் நின்னுபோச்சு. அதுக்கு மேல ஒடிக்க ஸ்டியரிங்ல ஒண்ணும் மிச்சமில்லை.

“ஐயா, கொஞ்சம் பின்னாடி எடுத்து, திரும்ப முன்னாடி எடுத்தா திரும்பிடும். ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க”ன்னான் ஜெரால்டு.

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. மாப்பிள்ளை ஊர்வலம்யா இது, வண்டி பின்னாடி போகக்கூடாதுன்னேன். என் சம்சாரம் ஓடிவந்து, இப்படி ஒரு சாஸ்திரத்தை நான் கேட்டதே இல்லையேங்கிறா. நாதஸ்வரக்காரரு வாத்தியத்தை வாயிலேர்ந்து எடுத்துட்டு, நான் வாசிச்ச கல்யாணத்துல பாதி வண்டி ரிவர்ஸ் எடுத்துத்தான் மண்டபத்துக்கு வந்திருக்குங்கிறாரு. நீ ஊதுய்யா, உன்னை யாரு பேசச் சொன்னாங்கன்னேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. என் தம்பி கல்யாணத்துல, திருத்துறைப்பூண்டியில, எதிர்க்க இன்னொரு ஊர்வலம் வந்துடுச்சு. எங்க வண்டி பின்னாடியே போச்சு, தெருக்கோடி வரைக்கும். எல்லாரும் சிரிச்சாங்க. தம்பியும் சிரிச்சான், மாப்பிள்ளைக் கோலத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு டாட்டா காட்டினான். டாட்டா காட்டிக்கிட்டே பின்னாடி போறான். அவன் செத்த சேதி வந்தப்ப எனக்கு அதுதான் கண்ணு முன்னாடி வந்துது. இப்பவும் வருது.

அதை அன்னிக்குத் தெருவுல யார்கிட்டயும் நான் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? பெரியவன் ஒருத்தன் வேண்டாம்னா வேண்டாம். காரணம் கேட்டுக்கிட்டா நிக்குறது?

என்னய்யா கண்டக்டரு, ஒரத்தநாடு வந்தாச்சா? இல்லையா? சரி, போங்க.

எங்க விட்டேன்? ஆங். அப்ப மதி, நான் இறங்கி நடந்து வர்றேன் பெரியப்பான்னான். ஆரத்தி எடுக்காம மாப்பிள்ளை கால் தரையில படுறதான்னு அவனை அழுத்தி உக்கார வச்சேன். நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி நகத்தி வைங்கடான்னேன். அதுக்கு எங்க பிடிக்கிறது? தரைக்கும் வண்டிக்கும் நடுவுல விரல் நுழையமாட்டேங்குது. ஜெரால்டு, ஐயோ உடைஞ்சுடும் உடைஞ்சுடும்னு அலறுறான். சரி, இந்தச் சுவரு முனையைக் கொஞ்சம் இடிச்சா வழி கிடைக்குமேன்னு வைத்திலிங்கத்துக்கிட்டச் சொன்னேன். உங்க ஊருதானே, உங்க பொண்ணு கல்யாணம்தானே, போய்க் கேளுங்கன்னேன். இதுல என்ன தப்பு? கல்யாணம் முடிஞ்சு நானே கட்டிக் கொடுத்துட்டுப் போறேன்!

அந்த மனுஷன் போனாரு. பட்டு வேட்டி சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு, அந்த வீட்டு வாசல்ல போய்க் கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரு. வீட்டுக்காரன் கத்துறான். இவரு குனிஞ்சுக்கிட்டே நிக்கிறாரு. அப்பறம் கம்பத்துப் பக்கம் இருந்த டீக்கடை பெஞ்சை அவரே இழுத்துப் போட்டாரு. பாய்லர் வச்ச மேசையை நகத்துறாரு. நானும் எங்க ஆளுங்களும் பாத்துக்கிட்டு நின்னோம். பொண்ணு வீட்டுக்காரங்கன்னா நாலு வேலை செய்யத்தானே வேணும்?

இதையெல்லாம் மண்டபத்து மாடியிலேர்ந்து அந்தப் பொண்ணு பாத்திருக்கு. எனக்குத் தெரியாது. கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்து நிக்கிது. பாதி அலங்காரம், ஒரு கையில வளையல், ஒரு கையில இல்லை. நேரா வண்டியோட முன்சக்கரத்துக்கிட்டப் போய்ப் பட்டுப்புடவையோட குத்துக்கால் போட்டு உக்காந்துது. உள்ள கையை விட்டுப் பாத்துது. எங்க சைடு பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்க.

“பெரியப்பா, இங்க வந்து பாருங்க”ன்னுது. மரியாதையாத்தான் சொல்லிச்சு, அதைச் சொல்லணும். “இந்த டயர் எவ்வளவு அகலம் பாருங்க. சாதா டயர் மாதிரி இல்லை. இது உள்பக்கமா ஒடியணும்னா உள்ள இடம் வேணும். இங்க இடமே இல்லை. டயரு இன்னும் ஒரு விரக்கடை திரும்பினா உள்ள இருக்கிற கம்பியில உரசும். பெரிய இன்ஜினு, அதைச் சுத்தி எல்லாத்தையும் நெருக்கமா அடைச்சிருக்காங்க. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேற இது. முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுவர்ற மூட்டு ஒரு அளவுக்கு மேல மடங்காது.”

அதோட விட்டுச்சா? இல்லை.

“வேகமாப் போறப்ப ஆட்டம் கொடுக்கக்கூடாதுன்னு முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் தள்ளித் தள்ளி வச்சிருப்பாங்க. அதனாலயும் பெரிய வட்டம் அடிச்சுத்தான் திரும்பும். கோளாறு இல்லை பெரியப்பா இது, செஞ்சதே அப்படித்தான். அகலமான ரோட்டுல, வேகத்துல, பெரிய வளைவுல பிடிச்சுக்கிட்டுப் போறதுக்குச் செஞ்சது. சந்துக்கு வந்தா ரெண்டு தடவை பின்னாடி போய்த்தான் ஆகணும். அதுல அவமானம் ஒண்ணும் இல்லை.”

நான் கேக்குறேன் தம்பி, காருக்கு ஏது அவமானம்? அப்ப அது யாரைச் சொல்லிச்சு? நடுத்தெருவுல, என் சகலை கேக்க, நாளைக்கு என் வீட்டுக்கு விளக்கேத்த வரப்போற பொண்ணு எனக்குப் பாடம் நடத்துது. சகலை சிரிப்பை அடக்கிக்கிட்டு வானத்தைப் பாக்குறான். எனக்கு வந்துது பாருங்க கோபம். “டிரில் மாஸ்டரு பொண்ணுக்கு லெஃப்ட் ரைட் சொல்லிக் கொடுத்தாரு, பெரியவங்க முன்னாடி எப்படி நிக்கணும்னு சொல்லிக் கொடுக்க மறந்துட்டாரு போல”ன்னேன். மைக்கு வச்சா பேசினேன்? சாதாரணமாத்தான் சொன்னேன். ஆனா பேண்டு அந்த நேரம் பாத்து நிறுத்தித் தொலைச்சுட்டான். எல்லாருக்கும் கேட்டுடுச்சு. வைத்திலிங்கம் மேசையைப் பிடிச்ச கையோட நின்னாரு. திரும்பிக்கூடப் பாக்கலை.

பொண்ணு எழுந்திரிச்சு, கையில இருந்த கரியைப் புடவையிலயே துடைச்சுக்கிட்டு, வண்டிக்குள்ள இருந்த மதியைப் பாத்துது.

“மதி, நீங்க சொல்லுங்க. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க. எங்கப்பா அந்த மேசையைக் கீழே வைக்கட்டும்.”

மதி என்னைப் பாத்தான். வாயைத் திறந்தான், பெரியப்பான்னு தொடங்கினான். உக்காருடான்னு ஒரு அதட்டல் போட்டேன். உக்காந்துட்டான். எழுந்திரிக்கவே இல்லையே, எங்க உக்கார்றதுன்னு அந்த மடையன் சகலை அப்பறம் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சானாம். ஆனா பாருங்க, அவ்வளவு கூட்டத்துல, கட்டிக்கப்போற பொண்ணு எதிர்க்க நிக்கையில, என் ஒரு சொல்லுக்கு அடங்கினான். அதுதான் தம்பி வளர்ப்பு.

அந்தப் பொண்ணு அவனையே பாத்துக்கிட்டு நின்னுது. கோபமாக்கூட இல்லை, கண்ணு கலங்கியிருந்துது. இவன் மடியில கிடந்த மாலையைப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்பறம் அது டிரைவர்கிட்டத் திரும்பிச்சு.

“அண்ணா, நீங்க ரிவர்ஸ் எடுங்க. அப்படியே அவங்க ஊர்லயே கொண்டுபோய் விட்டுடுங்க.”

அவ்வளவுதான். போய் அப்பா கையிலேர்ந்து மேசையை வாங்கிக் கீழே வச்சுட்டு, அவரைத் தோளோட அணைச்சுக் கூட்டிக்கிட்டு மண்டபத்துக்குள்ள போயிடுச்சு. யார் யாரோ போய்ப் பேசினாங்க. என் சம்சாரம் போய்க் காலைப் பிடிக்காத குறை. உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்லை பெரியம்மான்னு அவ கண்ணீரைத் துடைச்சுவிட்டு அனுப்பிச்சாம். வைத்திலிங்கம் மட்டும் வெளியே வந்து, சமையல் தயாரா இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்கன்னாரு. நான் சாப்பிடுவேனா?

அந்த வண்டி வெளியே வரணும்னா வேற வழி கிடையாதே. வந்த வழியா, பின்னாடியே, கோயில் வரைக்கும். மாலையைக் கழட்டணும்னுகூட மதிக்குத் தோணலை. மாலையும் கழுத்துமா என்னைப் பாத்துக்கிட்டே பின்னாடி போறான். நான் தெருவுலயே உக்காந்துட்டேன் தம்பி.

அப்பறம் நான் விடலை. அந்தப் பொண்ணு சொன்னது பொய்னு நிரூபிக்காம விடுறதில்லைன்னு திருச்சியில ஒரு பெரிய ஒர்க் ஷாப்புல போய்க் கேட்டேன். ஆமாங்க, டயரு அகலம், உள்ள ஒடியாதுன்னான். தஞ்சாவூர்ல கார் ரேஸ் ஓட்டின ஒருத்தரைத் தேடிப் பிடிச்சேன். நேரா பிச்சுக்கிட்டுப் போறதுக்கு உள்ள வண்டிங்க அது, திருப்பத்தை யாரு பாத்தான்னாரு. கடைக்கு வர்ற காலேஜ் வாத்தியார் ஒருத்தரு படமே போட்டுக் காட்டினாரு. எல்லாரும் அந்தப் பொண்ணு சொன்னதையேதான் சொல்றாங்க. அப்ப குத்தம் யாருது? வண்டியோடதுதானே? இப்படி வளையத் தெரியாத ஒண்ணைச் செஞ்சு, அதுக்கு இம்மாம் விலையும் வச்சு, நல்லா வாழவேண்டிய குடும்பத்து நடுவுல கொண்டாந்து நிறுத்தினா என்னதான் ஆகும்?

மதி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். அந்த வாரத்துலயே. பெரியப்பா, நான் மன்னார்குடி போய் அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டுமான்னான். போறதுன்னா என் பொணத்தைத் தாண்டிப் போன்னேன். சரி பெரியப்பான்னான்.

அன்னிக்குப் பிடிச்சதுதான் தம்பி. சாப்பிட வாடான்னா, சரி பெரியப்பா. சட்டை நல்லா இல்லை, மாத்துடான்னா, சரி பெரியப்பா. அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல கல்யாணம் ஆயிடுச்சாம்டா, தலை முழுகுன்னேன். சரி பெரியப்பான்னுட்டு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். என் சம்சாரம் எழுந்திரிச்சு உள்ள போயிட்டா. வேலையை விட்டுட்டுக் கடையில வந்து உக்காருடான்னு ஒரு கோபத்துல சொன்னேன், மறுநாளே எழுதிக் கொடுத்துட்டு வந்து உக்காந்துட்டான். அவன் சிரிச்சு நாளாச்சு. சண்டை போட்டாலும் பரவாயில்லைன்னு இருக்கு. வீட்டுல அந்த ரெண்டு வார்த்தையைத் தவிர அவன் சத்தமே இல்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லை, எதுக்குன்னும் தெரியலை.

அதோ, முன்னாடி டிரைவர் பின்னால கட்டம் போட்ட சட்டை தெரியுதா? ஜன்னலோரம். அவன்தான். தஞ்சாவூர்ல பொண்ணு பாத்துட்டு வர்றோம்.

நல்ல இடம். ஜாதகம் பொருந்தியிருக்கு, தட்டு மாத்துறதுதான் பாக்கி. பொண்ணு இவன்கிட்டத் தனியாப் பேசணும்னுச்சு, பேசட்டும்னேன். உள்ள போன வேகத்துல வெளியே வந்துடுச்சு. அவங்க அம்மா காதுல என்னமோ சொல்லிச்சு. அவங்க அப்பா காப்பி டம்ளரை எடுத்துக்கிட்டே, ஜாதகம் சரியா வரலைங்கன்னாரு. ஏற்கெனவே பாத்த ஜாதகம்யா! வெளியே வந்து இவனைக் கேட்டேன், என்னடா கேட்டுச்சு அந்தப் பொண்ணு? உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டுச்சாம். நீ என்னடா சொன்னே? பெரியப்பா சொன்னா சரின்னேன்ங்கிறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பஸ் ஸ்டாண்டு நடுவுல நிக்க வச்சுக் கத்தினேன். அத்தனை சனமும் வேடிக்கை பாக்குது. நான் அழுவுறேன் தம்பி, அவ்வளவு பேர் முன்னாடி. டேய், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பாத்து முடியாதுன்னு சொல்லுடா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன், சொல்லுடான்னேன்.

என் மூஞ்சியைப் பாத்தான். சரி பெரியப்பான்னான்.